வசதிப்படும்போது வாங்க

ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி இருந்ததாம், அந்த ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை இருந்ததாம், அந்த மேசையில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் 'நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க' என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தானாம். அந்த ஒருத்தன் நான்தான்.

ஊர் கடலூர். செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. அன்றைக்கு டாக்டரம்மா, மேரி சிஸ்டர், நான் மூன்று பேரும் வேனில் போய்வருவோம். நாளைக்கு செக்கப் என்று ஞாபகப்படுத்துவது, மாத்திரை போடச் சொல்வது, ரிப்போர்ட் வந்துவிட்டது என்று கூப்பிடுவது, இவ்வளவுதான் என் வேலை. உங்களுக்கும் இப்படி மெசேஜ் வந்திருக்கும். பாதிப் பேர் படிக்காமலே தள்ளியிருப்பீர்கள், மீதிப் பேர் படித்துவிட்டுப் பயந்திருப்பீர்கள். அனுப்புகிறவனுக்கும் அந்தப் பயம் உண்டு.

என் கம்ப்யூட்டரில் மெசேஜ் போன பெயர்கள் எல்லாம் சிவப்பாக இருக்கும். அந்த ஆள் பதில் போட்டுவிட்டால் பெயர் பச்சையாகி, பட்டியலை விட்டே போய்விடும். சாயங்காலத்துக்குள் எல்லாம் பச்சையாகிவிட்டதா என்று மேனேஜர் கேட்பார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

வெட்டு ஆர்டர்

நான் சேர்ந்தபோது மெசேஜ் எல்லாம் யாரோ எப்போதோ எழுதி வைத்தது. 'தங்களின் மறுபரிசோதனை நாளை காலை 9 மணிக்கு. தவறும் பட்சத்தில் முன்பதிவு ரத்து செய்யப்படும்.' நான் பெயரைச் சேர்த்து அனுப்புவதோடு சரி.

பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு போடுகிற பெரியவர் ஒருவர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். இந்த மெசேஜைப் பார்த்துவிட்டு, எங்கே விட்டுப்போய்விடுமோ என்று மூன்று பஸ் மாறி ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. காலில் கட்டு நனைந்து செருப்போடு ஒட்டியிருந்தது. மேரி சிஸ்டர் கட்டை மாற்றி, கேன்டீனில் இருந்து இட்லி வாங்கிவந்து கொடுத்தார். தின்று முடித்தபிறகு பெரியவர் நொண்டிக்கொண்டே என் மேசைக்கு வந்து போனை நீட்டினார்.

"மில்லுலேருந்து கரும்புக்கு வெட்டு ஆர்டர் மெசேஜ் வரும் தம்பி, இன்ன தேதி, இன்ன மணின்னு. அதுக்கு அடுத்தாப்ல உன்னுதுதான் இருக்குது பாரு. அவுங்க கரும்பைக் கூப்புடறாங்க, சரி. நீ மனுசனையில்ல கூப்புடற?"

கேட்டில் கிடக்கும் போன்

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய், மெசேஜை எல்லாம் நானே மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, தேதியும் நேரமும் மட்டும் தப்பாகக் கூடாது என்றார். உட்கார்ந்து எழுதினேன். 'வணக்கம் ஐயா, நலமா? நாளைக்கு உங்களைப் பார்க்க டாக்டர் காத்திருப்பார்.' 'அக்கா, மாத்திரை போட்டாச்சா?' வீட்டில் ஒருத்தர் கேட்கிற மாதிரி. உடனே பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. சரி தம்பி, வரேன் கண்ணு, நீ சாப்டியா. மதியத்துக்குள்ளேயே பாதிப் பெயர்கள் பச்சையாகிவிடும். மேனேஜர் என் தோளில் தட்டினார். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிற்று.

அதில் ஒருத்தர் தினமும் தவறாமல் பதில் போடுவார். அவருடைய அப்பாவுக்கு இதயத்தில் கோளாறு. காலை எட்டு மணிக்கு 'மாத்திரை போட்டாச்சா' என்று போகும். சாயங்காலம் நாலே காலுக்கு 'சரி' என்று வரும். ஒரு நாளும் தப்பாது. ஒரு வியாழக்கிழமை அந்த அப்பாவை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு. பதினைந்து நாளாக மாத்திரையே போடவில்லையாம். பையனைப் பார்த்து, தினமும் சரி என்று போட்டீர்களே அண்ணா என்றேன். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர், யூனிஃபார்மோடு அப்படியே ஓடிவந்திருந்தார். கோபப்படாமல்தான் சொன்னார்.

"போனை காலையில கேட்ல வாங்கி வச்சுக்குவாங்க, உள்ள எடுத்துட்டுப் போவக்கூடாது. நாலே காலுக்கு வெளிய வந்து பாப்பேன், நீங்க அக்கறையா கேட்டிருப்பீங்க, பதில் போடாம இருந்தா மரியாத இல்லன்னு சரின்னு போடுவேன். அப்பா போட்டாரா இல்லையான்னு நீங்களும் பாக்கல, நானும் பாக்கல."

அவர் அப்பா பிழைத்துக்கொண்டார். அதனால் நானும் அதைச் சீக்கிரமே மறந்துவிட்டேன். மறந்திருக்கக் கூடாது. இனிமேல் சொல்லப்போவது எல்லாம் அந்த மறதியில் இருந்து வந்தது.

நம்பர் யாருடையது

அஞ்சலை அக்காவை நான் முதலில் பார்த்தது தை மாதத்தில், சிதம்பரம் கிளையில். பிச்சாவரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் கிராமம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவர் மீன் கூடையோடு சிதம்பரத்துத் தெருக்களில் வியாபாரம் செய்கிறவர். கூடையை வாசலில் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு உள்ளே வந்தார். மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை, அதனால் ஆறு மாதம் அப்படியே விட்டிருந்தார். டாக்டரம்மா கட்டியில் ஊசி குத்தி, பரிசோதனைக்கு எடுத்து அனுப்பினார். ரிப்போர்ட் வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று என்னிடம் அனுப்பிவைத்தார்.

எந்த நம்பருக்கு அனுப்பட்டும் என்று கேட்டேன். இது சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அவர் ரொம்ப நேரம் யோசித்தார். வீட்டுக்காரர் நம்பர் வேண்டாம், அந்தப் போன் அவரோடு போட்டில் போய்விடும். கரையில் சிக்னல் கிடைக்கும்போதுதான் மெசேஜ் வரும், அதைப் பார்த்துவிட்டு மனிதர் பதறுவார். வீட்டில் இருக்கிற போனுக்கே அனுப்பச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த என் கையை மேசைமேல் லேசாகத் தொட்டு நிறுத்தினார்.

"அந்த போனு பாதி நேரம் பொண்ணு கையிலதான் இருக்கும் தம்பி. ப்ளஸ் டூ, பங்குனியில பரீட்ச. பயமுறுத்தறாப்ல எதுவும் எழுதிடாத, என்னா?"

உடனே

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய். டாக்டரம்மா கவரின் மேல் சிவப்பு மையில் 'உடனே வரச் சொல்லவும்' என்று எழுதி, அடியில் கோடு போட்டு என் மேசைக்கு அனுப்பியிருந்தார். என்ன வியாதி என்று மெசேஜில் எழுதக் கூடாது, அது ஆஸ்பத்திரி விதி. ஆனால் உடனே என்று எழுதலாம். எழுதத்தான் சொல்லியிருந்தார்.

நானும் எழுதினேன். 'உடனே வரவும்.' எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், யோசித்துப் பாருங்கள். யாராவது செத்துப்போனால் செத்துப்போய்விட்டார் என்று நம்மில் யார் போனில் சொல்கிறோம்? கொஞ்சம் சீரியஸாக இருக்கிறார், உடனே கிளம்பி வா என்கிறோம். கேட்கிறவனும் எதுவும் கேட்காமல் மாலை வாங்கிக்கொண்டு போகிறான். அந்த வார்த்தையைப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண் முதலில் பார்ப்பாளே என்று தோன்றியது. அழித்தேன். 'வணக்கம் அக்கா. ரிப்போர்ட் வந்துவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை. உங்களுக்கு வசதிப்படும்போது வந்து டாக்டரைப் பாருங்கள்.' திருப்பிப் படித்துப் பார்த்தேன். இதமாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'சரிங்க தம்பி.' கூடவே கும்பிடுகிற கை. பெயர் பச்சையானது, பட்டியலில் இருந்து போனது. அந்த வாரக் கடைசியில் டாக்டரம்மா போகிறபோக்கில், அந்தப் பிச்சாவரத்து அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார். சொல்லிட்டேன் மேடம், பதிலும் வந்துடுச்சு என்றேன். இரண்டுமே உண்மை. மெசேஜ் போன அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், ஊசிகளை எண்ணி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்த மேரி சிஸ்டர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஒரு சிவப்பு கூட இல்ல. அப்புறம் என்னாத்துக்கு உக்காந்திருக்க? வீட்டுக்குப் போடா தம்பி."

ஒயர் கூடை

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சிதம்பரத்தில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஒயர் கூடை என் மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அஞ்சலை அக்கா. நல்ல புடவை, தலையில் கனகாம்பரம். கூடைக்குள் ஐஸ்கட்டிக்கு நடுவில் நண்டு.

மனசுக்குள் மாதங்களை எண்ணினேன். நாலு மாதம். நண்டு எனக்குத்தானாம், சதுப்புக்காட்டு வாய்க்காலில் பிடித்ததாம், சிதம்பரம் மார்க்கெட்டில் இப்படிக் கிடைக்காதாம். ஏன்க்கா இவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உற்சாகமாகச் சொன்னார். நீதான் வசதிப்படும்போதுன்னு போட்டிருந்தியே, நமக்கு என்னிக்கு வசதிப்பட்டுச்சு. முதலில் மகளுக்குப் பரீட்சை. பரீட்சை முடிந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது, வீட்டுக்காரர் வலையைத் தைத்துக்கொண்டு வீட்டில், இவர் அலைந்து எங்கெங்கோ மீன் எடுத்து விற்றார். அப்புறம் ரிசல்ட். அப்புறம் காலேஜுக்கு அலைச்சல். மகளுக்கு இங்கே சிதம்பரத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. இப்போதுதான் ஒழிந்தது, வந்துவிட்டார். நடுவில் கட்டி கொஞ்சம் பெரிசானது போல இருந்ததாம், கக்கத்திலும் ஒன்று நெறி கட்டிய மாதிரி. பயப்பட ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்களே என்று விட்டுவிட்டாராம்.

உள்ளே போனவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. முதலில் டாக்டரம்மாதான் வந்தார். என்ன மெசேஜ் அனுப்பினாய் என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நல்லாதான் எழுதியிருக்க. எனக்கு வந்திருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்."

வேனில்

அன்றைக்குச் சாயங்காலம் வேனில் கடலூருக்குத் திரும்பினோம். நண்டுக் கூடை என் காலடியில் இருந்தது. ஐஸ் உருகி வேன் முழுவதும் தண்ணீர். டாக்டரம்மா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாசியிலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மருந்து கொடுத்திருக்கலாம், இப்போது பரவிவிட்டது, புதுச்சேரிக்குத்தான் அனுப்ப வேண்டும், அங்கேயும் இவ்வளவு நாள் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. இதை அவர் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது மேரி சிஸ்டரிடம் கேட்டேன், அஞ்சலை அக்காவுக்குத் தெரியுமா சிஸ்டர், உடனேன்னு இருந்ததை நான்தான் மாத்துனேன்னு. தெரியாது என்று தலையசைத்தார். ஜெபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று எங்களை முந்திப் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"பச்சையாயிடுச்சு, வீட்டுக்குப் போன்னு சொன்னது நான். அந்த ரிப்போர்ட் யாருதுன்னு நானும் ஒரு வார்த்த கேக்கல. நீ ஒருத்தனாவே எல்லாத்தையும் எடுத்து மேல போட்டுக்காத."

கடிதம்

அடுத்த வெள்ளிக்கிழமை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கான கடிதத்தை வாங்கிப்போக அஞ்சலை அக்கா வந்தார். இந்தத் தடவை கூடை இல்லை. மகள் கூட வந்திருந்தாள். ஒல்லியாக, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் புடவைத் தலைப்பை ஒட்டி நின்றாள். அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. கடிதம் டைப் ஆகி வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். புதுச்சேரிக்குப் போனபிறகு அவர் பெயர் அங்கே வேறு பட்டியலில் இருக்கும்.

அக்கா, ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா கவர்மேல் எழுதியிருந்ததைச் சொன்னேன். நான் டைப் அடித்ததைச் சொன்னேன். அழித்ததைச் சொன்னேன். பாப்பா படிச்சு பயந்துடுமேன்னுதான் என்று சொல்ல வந்து, அதைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். அந்தப் பாப்பா எதிரே நின்றுகொண்டிருந்தது.

மகள் டீ டம்ளரை என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனை எடுத்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். அந்த மெசேஜ் வந்ததும் நின்றாள். "இத நான்தான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன் அண்ணா" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை.

அஞ்சலை அக்கா போனை வாங்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குள் ஒரு அல்ப ஆசை இருந்தது. உடனேன்னு போட்டிருந்தாலும் பரீட்சையை விட்டுட்டு வந்திருக்க மாட்டேன் தம்பி என்று அவர் சொல்லிவிடுவார், அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று. நம் ஜனங்கள் அப்படிச் சொல்கிறவர்கள்தானே, எதிரே இருக்கிறவன் முகம் வாடினால் தாங்க மாட்டார்களே. அவரும் என் முகத்தைப் பார்த்தார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"வந்திருப்பேன் தம்பி," என்றார். "பரீட்சையாவது ஒண்ணாவது. இவளை அவுங்க அத்த வூட்டுல வுட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கே வந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மீன் என்ன விலை என்று கேட்டால் சொல்கிற மாதிரி, உள்ளதைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சுடுங்கக்கா என்றேன். அதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மேரி சிஸ்டர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்தக் கவுண்டர், என்ன ரத்தப் பரிசோதனை, எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் ஆஸ்பத்திரியில் முறை மாறிவிட்டிருந்தது. பதில் வந்தால் பெயர் பச்சையாகாது. அந்த ஆள் நேரில் வந்து டாக்டர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பச்சை. உடனே வரவேண்டியவர்களுக்கு மெசேஜோடு நிறுத்தாமல் போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் ஊர் நர்ஸைப் பிடித்து வீட்டுக்கே ஆள் அனுப்ப வேண்டும். மேனேஜரிடம் மேரி சிஸ்டரும் நானும் போய்ச் சண்டை போடாத குறையாகக் கேட்டு வாங்கியது இது. அஞ்சலை அக்காவிடம் இதைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. அவருக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்லவில்லை.

மகள் முதலில் படியிறங்கிப் போய்விட்டாள். அஞ்சலை அக்கா கடிதத்தை மடிக்காமல் அப்படியே மார்போடு பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவர், நின்று திரும்பி வந்தார்.

"அங்க போற தேதியெல்லாம் இங்கேருந்தும் எனக்கு ஒரு வாட்டி ஞாபகப்படுத்து. போட்டு ஒடச்சு எழுது. அவ படிச்சா படிச்சுட்டுப் போறா."

சரிக்கா என்றேன். அவர்கள் ஊர்ப் பக்கம் கிள்ளை போகிற பஸ் வெளியே ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படாமல் நடந்து தெருவைத் தாண்டிப் போனார்.

இப்போதெல்லாம் நான் போட்டு உடைத்து எழுதுகிற மெசேஜைப் பார்த்துவிட்டு ஜனங்கள் என்னைத் திட்டிக்கொண்டேதான் வருகிறார்கள், ஆனால் வந்துவிடுகிறார்கள்.